மூன்று தரம் கழுவிய மீன்தொட்டி

ஜூலை 5, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு முன் மருமகன் இன்ஸாப் எல்லாவற்றையும் கழுவி முடித்துவிட்டார். வீட்டில் கழுவாமல் மிஞ்சினது நான் ஒருவன்தான்.

மீன்தொட்டிக்குள் தண்ணீரைச் சுத்தமாக்குகிற பில்டர் ஒன்று இருக்கிறது. அதன் பஞ்சைக் கழற்றி, பைப்படியில் வைத்து, சவுக்காரம் போட்டு மூன்று தரம் அலசினார். மீன் கழித்தது நஜீஸாம், மார்க்கப்படி அசுத்தமாம். ஒரு தரம் அலசினால் போகாதாம். இந்த மனிதருக்கு வஸ்வாஸ். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போதும் கை நனைந்ததா இல்லையா என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பத் தொடங்குவார். அதற்குள் இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையையே முடித்துவிடுவார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு மீன் மல்லாந்து மிதந்தன. மிகவும் சுத்தமான மவுத்து.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுகிறது. பொய் எழுதினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த வகையில் இதுவும் என் சொந்தக்காரர்களைப் போலத்தான்.

ஜூலை 6, சனி

அக்கரைப்பற்று வளர்ப்புமீன் கடைக்கு மருமகனோடு காரில் போனேன். செத்ததற்குப் பதிலாகப் புது மீனும், புது பில்டரும் வாங்க.

கடைக்காரன் கிருஷாந்தன் மூன்று சாமான் எடுத்து வைத்தான். ஒன்று கறுத்தப் பஞ்சு உருளை. ஒன்று களிமண் வளையங்கள் போட்ட பெட்டி. மற்றது வெள்ளைப் பஞ்சு வைத்து வெளியில் கொழுவுகிறது. மருமகன் வெள்ளையைப் பார்த்ததும் மற்றதைத் தொடவில்லை. "வெள்ளையெண்டா ஊத்த தெரியும் மாமா. தெரிஞ்சாத்தானே கழுவலாம்."

அவர் காரை எடுக்கப் போன நேரம் கிருஷாந்தன் என் பக்கம் குனிந்தான். மூத்தவர்களை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, அந்தப் பஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரும். நல்ல கிருமி. மீன்ட மூத்திரத்தத் திண்டு தண்ணிய நல்லாக்கிறதே அதுதான். பிடிச்சு வளர ஒரு மாசத்துக்கு மேல செல்லும். உங்கட மருமகன் கிழமைக்குக் கிழமை சவுக்காரம் போட்டு அதக் கொல்றார். பைப் தண்ணியில குளோரின் வேற."

"அவருக்கிட்டச் சொல்லன் மனே."

"கிழமைக்குக் கிழமை மீன் வாங்க வாறாரே! நான் ஏன் வாயத் திறக்கிற?"

நானும் சிரித்தேன். நான் மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

ஹாலில் தொட்டி நிற்கிற மூலை முந்தி என் கட்டில் கிடந்த மூலை. யன்னலால் கடற்காற்று வரும். ரோட்டில் போகிறவன் எவனும் எனக்கு ஸலாம் சொல்லாமல் போகமுடியாது. இப்போது பின்னறையில், பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வீட்டைக் கட்டினது நான், மகள் றிஸ்லாவுக்குச் சீதனமாகக் கொடுத்ததும் நான். கொடுத்த பிறகு என்னுடையது என்று கதைக்க ஏலாது, சரி. ஆனால் மாப்பிள்ளை பேசி முடித்த அன்று இதே ஹாலில் மருமகன் சொன்னார்: "மாமா, நீங்க எண்டைக்கும் எங்களோடதான்." வாயில் ஈச்சம்பழம் இருந்தது. கொட்டையை எந்தத் தட்டில் துப்பினார் என்பதையும் சொல்லுவேன். எங்களோட என்றார். ஹாலில் என்று சொல்லவில்லை. என்னுடைய பிழை, விளக்கமாகக் கேட்டிருக்க வேண்டும்.

றிஸ்லா நேற்றுச் சொல்லிவிட்டாள்: "இந்த முறையும் மீனெல்லாம் மவுத்தானா தொட்டிய வித்துப்போடுவன். வாப்பாட கட்டில் திரும்பி வரும்."

கிருமிகளே, உங்களுக்காக நான் ஏன் கதைக்க வேண்டும்?

ஜூலை 12, வெள்ளி

கழுவினார். நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஜூலை 13, சனி

மூன்று போயிற்று. இன்னாலில்லாஹி.

ஜூலை 17, புதன்

மருமகன் மௌலவியிடம் போய்க் கேட்டிருக்கிறார், தொட்டி நஜீஸா இல்லையா என்று. மௌலவி சிரித்துவிட்டு, "பள்ளி ஹவுள் தண்ணிக்குள்ளயும் மீன் நீந்துதே தம்பி, அதுக்குள்ளதானே இவ்வளவு நாளும் ஒளு எடுத்தீங்க?" என்றாராம்.

நல்ல விளக்கம். இன்றிலிருந்து மருமகன் ஹவுள் பக்கமே போவதில்லை. பைப்பில் ஒளு எடுக்கிறார்.

ஜூலை 19, வெள்ளி

கழுவினார். பொழுது படும்போது ஒன்றுதான் மிச்சம். கறுப்பு, முட்டைக் கண். முழியன் என்று பெயர் வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு மேலே வாயை வைத்து 'ப்பு, ப்பு' என்று காற்றை இழுக்கிறான். நான் கிட்டப் போனால் திரும்பிப் பார்க்கிறான். பார்த்து என்ன செய்ய? இன்னும் ஒரு வெள்ளி. கட்டிலைத் தூக்க யார் யாரைக் கூப்பிடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

பகல் சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருந்தேன். நித்திரை என்று நினைத்தார்களாக்கும். ஹாலில் மருமகனின் குரல்:

"கழுவக் கழுவ ஊத்ததான். இந்தத் தொட்டியையும் மாமாவையும் ஒரே அறைக்குள்ள போட்டுக் கதவச் சாத்தினா ஊடு சுத்தமாகும்."

"ஸ்ஸ். வாப்பா முழிச்சிருப்பாங்க."

றிஸ்லா சிரித்தாள். மெதுவாகத்தான். ஆனாலும் சிரித்தாள்.

ஜூலை 22, திங்கள்

விடியவே பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனேன்.

"அழுக்கா ஒரு பஞ்சு தா" என்றேன். கிருஷாந்தன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏன் காக்கா, மருமகனோட கோவமா?"

"உனக்கென்னடா, தா."

தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய கறுத்தப் பஞ்சைப் பிடுங்கி, அந்தத் தண்ணீரோடேயே பையில் போட்டுக் கட்டினான். காய விட்டால் கிருமி செத்துவிடுமாம். சேறு நிறம், வழுவழுப்பு, குளத்து நாற்றம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். இரண்டு சீட்டும் எனக்கு.

வீட்டில் யாரும் இல்லை. பில்டரின் வெள்ளைப் பஞ்சை எடுத்துவிட்டு இதை வைத்தேன். பாதித் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு, குளோரின் இல்லாத கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்காதே. போனுக்கு எதற்கு அந்தக் கேள்வி? முழியனும் நானும் ஒரே அறைக்குள் போடவேண்டிய ஆட்களாம்.

ஜூலை 26, வெள்ளி

முழியன் கீழே இறங்கிவிட்டான். மேலே வந்து காற்று இழுப்பதில்லை.

மருமகன் வாளியோடு வந்தார். தொட்டிக்கு முன்னால் நான் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"மாமா, எழும்புங்க. கழுவணும்."

"ஏலா."

"சேறு மாதிரிக் கிடக்கே மாமா!"

"அந்தச் சேறுதான் இவன்ட உசிரு. பஞ்சு நல்லா அடைச்சாத் தொட்டித் தண்ணிய வாளியில எடுத்து, அதுக்குள்ள ஒருக்காப் பிழிவன். பைப்படிக்குக் கொண்டு போக விடமாட்டன்."

"ஆரு சொன்ன?"

"மீன்கடைக்காரன். பில்டர் வாங்கின அண்டைக்கே."

"அப்ப ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல."

றிஸ்லா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். செத்த மீன் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு பார்த்த பார்வை. அதை நான் போனுக்குச் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டேன் போல.

அந்தப் பார்வை தாங்காமல்தான் அடுத்ததும் வாயில் வந்தது. "மருமகன், உங்கட யோசனைதான் சரி. என்னையும் இதையும் ஒரே அறைக்குள்ள போட்டுக் கதவச் சாத்துங்க. ஊடு சுத்தமாகும்."

வாளி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. றிஸ்லா தலைமுந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

பின்னேரம் தொட்டி பின்னறைக்கு வந்தது. பழைய தண்ணீரை வாளிகளில் மருமகனே சுமந்தார். ஒவ்வொரு வாளிக்கும் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

செப்டம்பர் 6, வெள்ளி

முழியனோடு இப்போது வேறு நான்கு பேர். ஒருவரும் மவுத்தாகவில்லை. கிருஷாந்தன் போனில் கவலைப்படுகிறான், வியாபாரம் இல்லையாம்.

காலையில் றிஸ்லா வந்தாள். "ஹால் மூலை சும்மாதான் கிடக்கு வாப்பா. கட்டில அங்க கொண்டு போடுவமா?"

"தொட்டிய ஆரு பாக்கிற?"

"அதையும் கொண்டு போவம்."

"சும்மா சும்மா ஆட்டினாக் கிருமி குழம்பும். கிடக்கட்டும் புள்ள."

கிருமி குழம்புமோ என்னவோ.

ஜும்ஆ முடிந்து மருமகன் நேரே பின்னறைக்கு வந்தார். நான் பஞ்சைப் பிழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளித் தண்ணீர் கறுத்தது. அவர் முகம் சுருங்கியது. பிறகு என் கட்டிலில் தன் துவாயை விரித்து, மடிப்பில்லாமல் தடவி, அதன்மேல் மெதுவாக இருந்துகொண்டு, "முழியன் எது மாமா?" என்று கேட்டார்.