அரை ஆம்பியர்

மார்ச் 3, செவ்வாய்

திருத்த வேண்டிய விடைத்தாள் இன்னும் முப்பத்தெட்டு. பக்கவாதம் வந்த பிறகு அப்பாவின் இடது காலில் உணர்ச்சியே கிடையாது, கிள்ளினாலும் தெரியாது. இன்று அதன் கட்டைவிரல் லேசாக அசைந்ததாம். அவரைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா அதைச் சொல்ல சமையலறைவரை ஓடி வந்தார். அப்பா அவருக்கு வைத்திருக்கும் பெயர் மேஜர். "மேஜர் உத்தரவு போட்டா விரலும் சல்யூட் அடிக்குது" என்றார் அப்பா. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மார்ச் 5, வியாழன்



பள்ளியிலிருந்து வந்து போர்வையை விலக்கினால் அப்பாவின் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"சுடுதண்ணிப் பையை வெச்சீங்களா?"

"இல்ல டீச்சர். கரண்ட்ல ஒத்தடம் குடுக்கற ஹீட்டிங் பேடுதான். எப்பவும்போல பதினஞ்சு நிமிஷம்."

"அந்தப் பேடு அஞ்சு வருஷமா இந்த வீட்டுல இருக்கு. அது இப்படிச் சுடாது. பொய் சொல்லாதீங்க."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதையே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன். அவரை அனுப்பிய ஏஜென்சிக்கு அவர் எதிரிலேயே போன் செய்து, 'கவனக்குறைவு' என்றேன். "மேஜர் அப்படிச் செய்யமாட்டா" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஆற மூன்று வாரமாவது ஆகும் என்கிறார் டாக்டர். ஏஜென்சி தன் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டதாம். நல்லது.

மார்ச் 8, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை?

நாளைய பாடம்: மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் திறனையும் கணக்கிடுவது. பிள்ளைகளுக்கு வீட்டுப் பொருட்களை வைத்தே கணக்குக் கொடுக்கலாம் என்று, பிளக்கில் செருகிப் பார்க்கும் மீட்டரை லேபிலிருந்து கொண்டுவந்திருந்தேன். கெட்டில்: 230 வோல்ட், 6.5 ஆம்பியர். வகுத்தால் தடை 35 ஓம், பெருக்கினால் திறன் 1495 வாட். அடியில் 1500 என்று போட்டிருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்து அந்தப் பேடு. 230 வோல்ட், 60 வாட் என்று அதன் அட்டையில் போட்டிருக்கிறது. அப்படியானால் 0.26 ஆம்பியர் வரவேண்டும்.

0.52 காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மேசை விளக்கைச் செருகிப் பார்த்தேன், சரியாகவே காட்டியது. மறுபடி பேடு. மறுபடி 0.52. 230-ஐ 0.52-ஆல் வகுத்தால் 442 ஓம். 880 இருக்க வேண்டிய இடத்தில் பாதி. திறன் 120 வாட். பேட்டின் மேல் கை வைத்தேன். ஒரு பக்கம் சில்லென்று இருந்தது. மறுபக்கம் — ஐந்தாவது நிமிடம் கையை இழுத்துக்கொண்டேன்.

தையலைப் பிரித்தேன். உள்ளே பாதிக் கம்பியைக் காணோம். மிச்சத்தை ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புதன்கிழமை அது சூடாகவே இல்ல. பிரிச்சா ஒரு பக்கம் கருகியிருந்துச்சு. அதை வெட்டிட்டு மிச்சத்தைச் சேத்தேன். கம்பி கொறைஞ்சா சூடும் கொறைச்சலாத்தானே வரும்? ஏன், உன்கிட்டயும் கேட்டேனே?"

"என்கிட்டயா?"

"பேப்பர் திருத்திட்டு இருந்த. பாதிக் கம்பி போதுமான்னு கேட்டேன். 'ம்'னு சொன்ன."

ம்.

ஐயோ, சொல்லியிருப்பேன். பதினான்கு வருஷமாக இதைத்தான் பாடம் நடத்துகிறேன்! கம்பி பாதியானால் தடை பாதி. தடை பாதியானால் மின்னோட்டம் இரண்டு மடங்கு, திறனும் இரண்டு மடங்கு. அந்த இரட்டைச் சூடும் பாதிக் கம்பியிலேயே இறங்குகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு சாண் கம்பியும் முன்னைவிட நான்கு மடங்கு கொதித்திருக்கிறது, அப்பாவின் காலுக்கு அடியில்.

நான் யாரைப் பொய் சொல்லாதே என்றேன்?

மார்ச் 9, திங்கள்

'மின்னழுத்தம் மாறாதபோது, தடை குறைந்தால் திறன் கூடும்.' கரும்பலகையில் எழுதிவிட்டு, திரும்பிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "ஐயா கால் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 'ம்' உட்பட.

ஈரத் துணியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ராத்திரி பூரா, என் கைதான் ஏதோ தப்பு பண்ணிடுச்சோன்னு அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன் டீச்சர்."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"என்கிட்ட சொன்னா பத்தாது. போன்ல ஒரே நிமிஷத்துல பேரை எடுத்தீங்க. அதைத் திரும்ப வைக்க ஏஜென்சிக்கு நேர்ல வாங்க."

மார்ச் 11, புதன்

அரைநாள் லீவு போட்டு ஏஜென்சிக்குப் போனோம், இவரும் நானும் அக்காவும். 230, 0.52, 442, 120 என்று எல்லா எண்களையும் விளக்கி இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்தார். "இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாதும்மா. தப்பு யாரோடது?"

"எங்களோடது."

"அதை எழுதுங்க, போதும்."

ஒரு வரி எழுதினேன். இவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அக்கா அதை மட்டும் இரண்டு தடவை படித்தார். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். "வேற ஆளைப் பாத்துக்கங்க டீச்சர்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 18, புதன்

புதிதாக வரும் பெண் நல்ல மாதிரி. அப்பா அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

புண் காய்ந்து புதுத்தோல் வந்துவிட்டது. காலையில் போன். அக்கா.

"டீச்சர், ஒரு கணக்கு கேக்கணும். இப்ப போற வீட்டுல கரண்ட்ல சூடாகற மெத்தை விரிப்பு ஒண்ணு இருக்கு. 230 வோல்ட், நூறு வாட்னு போட்டிருக்கு. எவ்வளவு ஆம்பியர் வரணும்?"

"நூறை 230-ஆல வகுக்கணும் அக்கா. 0.43."

"மீட்டர் ஒண்ணு வாங்கியிருக்கேன். லைன்லயே இருங்க."

இருந்தேன். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"சரியா இருக்கு, புள்ளி நாலு மூணு" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஐயா முழிச்சிட்டு இருக்காரா? போனைக் குடுங்க."

கொடுத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.