நடராஜா உட்கார்ந்த படம்

1978 பெப்ரவரி 5, ஞாயிறு

மாத்தளை டவுனில் லாபிரின் ஸ்டூடியோவுக்குப் போய் மூன்று குடும்பங்களை உட்கார வைத்தேன். எல்லாம் இந்தியாவுக்குப் போகிறவர்கள். கண்டியிலுள்ள இந்தியத் தூதரகக் கந்தோருக்குக் குடும்பப் படம் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் ஆடி, படத்தில் முகம் கலங்கினால் திருப்பி அனுப்புகிறார்களாம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பத்திரண்டு வருசம் ஆயாவாக இருந்தவள் என்பதால் லாபிர் என்னைக் கூப்பிடுகிறார்.

ஒரு அப்பன், "அழுதீன்னா தொரைகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்" என்று மகளை மிரட்டிக்கொண்டே வந்தான். முதலில் அவனை வெளியே அனுப்பினேன். கமராவின் கறுப்புத் துணிக்குள் அவளைத் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே அம்மா தலைகீழாகத் தெரிந்தாள். சிரித்துவிட்டது பிள்ளை. புதுச் சட்டை கழுத்தை அறுத்தது. பின்னால் ஒரு பொத்தானைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான், வேறு மந்திரம் இல்லை.

"ஆயாம்மா, நீங்க இல்லாட்டி நான் கடைய மூட வேண்டியதுதான்" என்றார் லாபிர்.

தோட்டத்தில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்திய அன்று ஒரு கிளாஸ் தேத்தண்ணீர்கூடத் தரவில்லை.

பெப்ரவரி 8

தம்பி முத்துவீரனுக்கும் கண்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. தபால்காரர் சொல்லித் தெரிந்தது. போகட்டும். எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருக்கிறது. சாமான் சுற்றி வந்த தாள்களில் எழுத்துப் படித்து, விண்ணப்பப் பாரத்தை என் கையாலேயே நிரப்பி வாங்கியது. நான் போகமாட்டேன்.

பெப்ரவரி 12, ஞாயிறு

மானம் போயிற்று.

தம்பி குடும்பம் படம் எடுக்க வந்தது. அவன், பெண்சாதி சந்திரகாந்தா, எட்டு வயது இலட்சுமி, நாலு வயது நடராஜா. போன ஆகஸ்டிலிருந்து நடராஜா என்னிடம் வருவதில்லை. சந்திரகாந்தா சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாள், வேறென்ன?

துணிக்குள் பார்க்கக் கூப்பிட்டேன். அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டான். வாங்குப் பலகையில் நானே தூக்கி வைத்து, "ஆடாம இருடா ராசா, சத்தம் போடாத" என்றேன். அவ்வளவுதான். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வாங்குக்கடியில் புகுந்துவிட்டான். அழவில்லை. கால்சட்டை நனைந்துபோயிற்று.

"ஊராம் புள்ளைங்கள எல்லாம் ஒக்கார வக்கிற. நம்ம புள்ளன்னா முடியாதா ஒனக்கு?" என்றான் தம்பி. "நாங்க போகக் கூடாதுன்னு வேணும்னே செய்யிறியாக்கா?"

அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்த கை இது.

பெப்ரவரி 13

தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை.

பெப்ரவரி 15

மாதம் முடிவதற்குள் படம் போகாவிட்டால் அவர்கள் பெயர் பின்னுக்குப் போய்விடும். இன்னும் ஒரு வருசமோ இரண்டோ. இன்னொரு ஆகஸ்ட் வந்தால்?

சந்திரகாந்தா என் காம்பராவுக்கு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. "புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்த?" என்று கேட்டே விட்டேன். அவள் கோபப்படவில்லை.

"மதினி, அவன் ஒங்களுக்குப் பயப்படல. ஒங்க கைக்குப் பயப்படுறான்."

அவள் போன பிறகும் கதவருகிலேயே நின்றேன்.

போன ஆகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குத் தீ வைத்த அன்று கொக்கோ மரங்களுக்குக் கீழே, தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தோம். நடராஜா என் மடியில். மேலே ஆட்கள் நடக்கிற சத்தம். அவன் அழ வாயைத் திறந்தான். பொத்தினேன். ஆடாத, சத்தம் போடாத, ஆடாத... எவ்வளவு நேரம்? கையை எடுத்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதில்கூட எழுதவில்லை.

பொத்தாமல் இருந்திருந்தால் ஐந்து பேரும் செத்திருப்போம். இன்றைக்கு நடந்தாலும் பொத்துவேன். ஆனால் அவனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அதே சொல்லைத்தானே திரும்பவும் சொன்னேன், பாவி.

பெப்ரவரி 19, ஞாயிறு

ஸ்டூடியோவில் எல்லோரிடமும் முதலே சொல்லிவிட்டேன்: இன்றைக்கு யாரும் அவனை ஆடாதே என்று சொல்லக் கூடாது.

நடராஜாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "அத்த வாயப் பொத்துடா" என்றேன்.

அம்மாவைப் பார்த்தான். மெதுவாக வந்தான். முதலில் ஒரு கை. பிறகு இரண்டு கையும், மூக்கையும் சேர்த்து, பலமாக. மூச்சு முட்டியது. தம்பி அசைந்தான்; கண்ணாலேயே நிறுத்தினேன். நடராஜா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். தானாகவே எடுத்தான்.

"வலிக்குதா அத்த?"

"வலிக்குது. ஒனக்கும் வலிச்சிருக்கும்."

"ம்."

"இப்ப யாரும் தேடல. எவ்வளவு சத்தம் வேணுமோ போடு."

போட்டான். வீதியில் போன ஆள் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். "யா அல்லா, கண்ணாடி வெடிச்சிரும் மகன்!" என்றார் லாபிர் துணிக்குள்ளிருந்து. அதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்கி மூச்சு வாங்கிய நேரத்தில் லாபிர் எடுத்துவிட்டார்.

பெப்ரவரி 24

படம் தெளிவு. நடராஜாவின் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. "மாத்தி எடுக்கவா?" என்றார் லாபிர். வேண்டாம் என்றேன். ஒரு பிரதி எனக்கு.

மார்ச் 30

கண்டியில் ஏற்றுக்கொண்டார்கள்.

மே 2

"ஒன்னயும் கூட்டிப் போக வழியிருக்கான்னு கேக்கிறேன்க்கா" என்றான் தம்பி. கேட்காதே என்றேன். எரித்தவர்கள் இருக்கிற இடத்தில்தான் நானும் இருப்பேன். யாருக்காக நான் எழும்பிப் போக வேண்டும்?

ஜூன் 11, ஞாயிறு

மாத்தளை ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏற்றிவிட்டேன். அழக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். ரயில் அசைந்ததும் என்னையறியாமல் கூவிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, சத்தம் போடாதக்கா" என்றான் முத்துவீரன்.

சன்னலிலிருந்து நடராஜா சொன்னான்: "அத்த போடட்டும்ப்பா."

போட்டேன்.