படுத்திருக்க வேண்டிய ஆறு மாதம்

மார்ச் 4

இன்று அவர் கைத்தடி இல்லாமல் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்த் திரும்பினார். பூமி குலுங்கி, சமையலறைச் சுவர் அவர் காலில் விழுந்து, தொடை எலும்புக்குத் தகடு வைத்துப் பதினேழு மாதம் ஆகிறது. பெயிண்டர். மூன்று மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பீடி பிடித்தவர். இப்போது குழாயடிக்குப் போய் வந்ததற்குப் பல்லைக் காட்டிக்கொண்டு, "பாத்தியா? பாத்தியா?" என்று நாலு தடவை கேட்கிறார். பார்த்தேன், பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மார்ச் 6

நிவாரணக் குடியிருப்பு வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பதினெட்டு மாதம் கொடுத்தாயிற்று, போதுமாம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரிசி இல்லை, மாதப் பணம் இல்லை, தகர அறையையும் காலி செய்ய வேண்டும். சம்பாதிக்கிற ஆள் இல்லாத, அல்லது எழுந்து நடமாட முடியாத குடும்பமாக இருந்தால் மட்டும் இன்னும் ஆறு மாதம். அதற்கு அறைக்கே வந்து பார்ப்பார்கள். அதன் பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள்.

எத்தனை மாதம் கொடுக்கலாம் என்று எங்கேயோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியிருப்பார்கள். ஒருத்தர் பன்னிரண்டு என்றிருப்பார், இன்னொருத்தர் இருபத்துநாலு என்றிருப்பார். சரி, நடுவில் போடுங்கள், டீ ஆறுகிறது. எங்கள் வீடு இருந்த தெருவில் இடிபாட்டையே இன்னும் அள்ளவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் மூன்று மடங்கு சொல்கிறார்கள், அதுவும் எங்கள் முகத்தைப் பார்த்ததும் "குடுத்தாச்சும்மா" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

குழாய் வரைக்கும் நடந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் இப்போது என்ன செய்வது?

மார்ச் 7

சொல்லிவிட்டேன். "இனிமே படுத்துக்கங்க."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

மார்ச் 10

அவருடைய பழைய மேஸ்திரி வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கலர் கலக்கிக் கொடுத்தால் போதும், அரைச் சம்பளம் தருகிறேன் என்றார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கே வரேண்ணே!" நான் குறுக்கே விழுந்தேன். அரைச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் சோறு கிடையாது, சோறு தின்றால் வாடகை கிடையாது. இந்த ஆறு மாதத்தில் நான் யாருக்கும் தெரியாமல் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து முன்பணம் சேர்த்துவிடுவேன். அப்புறம் தாராளமாகப் போகட்டும், ஓடட்டும், குதிக்கட்டும்.

மேஸ்திரி எழுந்து போகும்போது, "தங்கச்சி, கால் சும்மா இருந்தா கெட்டுரும்மா" என்றார். மேஸ்திரிக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மருத்துவ முகாமில் காலை மடக்கி நீட்டிப் பழக்குகிற பெண்ணும் அதையேதான் சொன்னாள். தினமும் இரண்டு வேளை நடக்க வேண்டுமாம். அங்கே அழைத்துப் போவதையும் நிறுத்திவிட்டேன். அவள் நல்ல பெண்தான், ஆனால் பதிவேட்டில் "நடக்கிறார்" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்துவிடுவாள்.

மார்ச் 19

வந்தார்கள்.

எங்கள் வரிசையில் பதினாலு அறை, பின்பக்கம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரம். முதல் அறையில் இருக்கிற வாட்ச்மேன் அண்ணன் கண்ணில் அதிகாரி பட்டதும் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். அடுத்த அறை தட்டும், அதற்கடுத்தது தட்டும். அந்தத் தட்டல் கடைசி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருத்தர் வீட்டு மின்விசிறி கட்டிலுக்கு அடியில் போகும், ஒருத்தி கம்மலைக் கழற்றுவாள், ஒருவர் இரும ஆரம்பிப்பார். பதினேழு மாதத்தில் எல்லோரும் கைதேர்ந்துவிட்டோம்.

எங்கள் அறைக்கு வந்தவர் மெலிந்த மனிதர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். வரிசையில் அவருக்கு 'ஃபைல்' என்றே பெயர். அவர் காலைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"படுத்தே கெடக்கறவருக்குச் செருப்பு எப்படிம்மா தேயுது?"

இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், நடிப்பில் மன்னன். அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எங்க செருப்பைப் பாக்கறீங்களே சார், பக்கத்து ரூமுல நாள் பூரா தையல் மெஷின் ஓடுது, அது காதுல விழலையா?"

ஃபைல் செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 20

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. மெஷின் ஓடத்தானே செய்தது?

தையல்காரக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, புருஷன் இடிந்த சுவரோடு போய்விட்டான். ஒற்றை ஆள், எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும். நான் என் வீட்டைப் பார்க்க வேண்டாமா? இதையே காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பாத்திரம் தேய்த்தேன். இரண்டு தம்ளரை உடைத்தேன்.

மார்ச் 31

அக்கா மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. யார் சொன்னது என்று அதற்குத் தெரியாது. போகும்போது எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "உன் வீட்டுக்காரர் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்மா, நான் வேண்டிக்கறேன்" என்றது. இவர் கட்டிலில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார். நான் அரிசியில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத அரிசி.

ஏப்ரல் 2

ஆறு மாதம் கிடைத்துவிட்டது. கையெழுத்து, முத்திரை எல்லாம். செப்டம்பர் முப்பது வரை.

மே 17

பகல் முழுக்கப் படுக்கை. நடுநடுவே கதவைச் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே கட்டிலிலிருந்து சுவருக்கு ஆறு அடி, சுவரிலிருந்து கட்டிலுக்கு ஆறு அடி நடக்கிறார். மே மாத வெயிலில் தகரம் கொதிக்கிறது, கதவைத் திறக்க முடியவில்லை. நல்ல கால் கூட இளைத்துப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்றார், ரோட்டில் போகிறவர்களுக்கு முகம் தெரியும் என்று தடுத்துவிட்டேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை அவருக்கு.

"என்னை நீ பொணமாக்கி வச்சிருக்கடி."

"பொணத்துக்கு அரிசி குடுக்க மாட்டான். உசிரோடயே கெடங்க."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். எப்போதிருந்து நான் இப்படிப் பேச ஆரம்பித்தேன்? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க நினைத்து, மோர் கலந்து வைத்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 3

ஃபைல் திடீரென்று வந்தார், தட்டல் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது, தப்பித்தோம். "இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று குரலில் ஒரு மாதிரிக் கேட்டார். அடுத்த முறை டாக்டரோடு வருவாராம். இனி எனக்குக் காது முழுக்கத் தகரத்தில்தான்.

ஜூன் 14

அக்காவின் அறைக்குப் புதுக் குடித்தனம். சின்ன வயதுப் புருஷன் பெண்டாட்டி. பட்டியலில் பெயர் விட்டுப்போய் இத்தனை நாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடந்தார்களாம், மேலே கூரை என்றதும் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நம் வழக்கத்தையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 16

எழுத முடியவில்லை.

ஜூன் 18

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பதினைந்தாம் தேதி காலை அவர் நடந்துகொண்டிருந்தார். சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற நேரம். பின் தகரத்தில் டக், டக், டக்.

நான்தான் கத்தினேன். "படுங்க! படுங்க! வந்துட்டான்!"

பதறித் திரும்பினார், கட்டில் காலில் கால் மாட்டியது, அப்படியே சரிந்தார். ஒரு சத்தம் — கேட்டேன். வாயைத் திறந்து அலறப் போனார். நான் என்ன செய்தேன்? அவர் வாயைப் பொத்தினேன். இந்தக் கையால். "கத்தாதீங்க, கத்தாதீங்க, அவன் போய்த் தொலையட்டும்!" அக்குளில் கை கொடுத்து இழுத்துக் கட்டிலில் போட்டேன். போடும்போது கால் தனியாகத் திரும்பியது. போர்வையை இழுத்து மூடினேன், முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டேன், வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். என் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கால் மணி நேரம் இருக்கும். யாரும் வரவில்லை. போர்வை சிவப்பாகிக்கொண்டே வந்தது.

பக்கத்து அறைப் பெண்தான் வந்தாள், கையில் சுத்தியலோடு. "ஏதோ விழுந்த மாதிரி கேட்டுச்சேக்கா? நான் காலண்டர் மாட்ட ஆணி அடிச்சிட்டிருந்தேன்."

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் என்ன செய்வாள், பாவி நான். தையல்காரக்கா இருந்திருந்தால் அந்தத் தகரத்தில் கை வைத்திருக்குமா?

ஜூன் 20

பழைய தகடு உடைந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார், "விழுந்தது சரி. அப்புறம் யாரோ புடிச்சு இழுத்திருக்காங்களே, யாரு?"

இவர் சொன்னார், "நானேதான் சார், தவழ்ந்து ஏறினேன்."

என்னை ஏன் காப்பாற்றுகிறார்? திட்டித் தொலைத்தால் என்ன?

ஜூன் 29

சீழ். காய்ச்சல் இறங்கவில்லை. ஆளே அடையாளம் தெரியாமல் உளறுகிறார், மேஸ்திரியிடம் வேலைக்கு வருகிறேன் என்கிறார்.

ஜூலை 7

எடுத்துவிட்டார்கள். தொடைக்கு மேலே.

ஜூலை 26

அறைக்குத் திரும்பிவிட்டோம். என்னோடு பேசுகிறார். தண்ணி குடு, போர்வையை இழு, கதவைத் திற — அவ்வளவுதான். கத்திச் சண்டை போட்டிருந்தால் கூட நான் நிம்மதியாக அழுதிருப்பேன்.

இல்லாத காலில் வலிக்கிறது என்கிறார். எங்கே என்று கேட்டால் பாதத்தைக் காட்டுகிறார். அந்த வெறும் படுக்கையை நான் பிடித்துவிடுகிறேன். போதும், நிறுத்து என்று அவர் சொல்வதும் இல்லை.

ஆகஸ்ட் 22

முன்பணம் சேர்ந்துவிட்டது. எண்ணி டப்பாவில் போட்டு அவரிடம் காட்டினேன். "சரி" என்றார்.

செப்டம்பர் 28

ஃபைல் வந்தார். யாரும் தகரத்தைத் தட்டவில்லை, எதற்குத் தட்ட வேண்டும்? டாக்டரையும் கூட்டி வந்திருந்தார். டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார். செருப்பை யாரும் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்பில் பார்க்க என்ன இருக்கிறது?

ஃபைல் ஒரு புதுத் தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். மரியாதையாகப் பேசினார், ஸ்டூலில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். இவர்தான் கேட்டார், படுத்தபடியே.

"இன்னும் எத்தனை மாசம் சார் தருவீங்க?"

"மாசக் கணக்கு இல்லீங்க. உங்களை நிரந்தரப் பட்டியல்ல சேத்தாச்சு. அரிசி, பணம், இந்த ரூம், எல்லாம் ஆயுசுக்கும் வரும். இனிமே நான் வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்."

இவர் சிரித்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தார். என்னைப் பார்த்து, "ஆயுசுக்குமாம்டி" என்றார். வாசலில் நின்ற வாட்ச்மேன் அண்ணன் மனைவி என் தோளைத் தட்டி, "குடுத்து வச்சவ நீ. எங்களை நாளன்னைக்கு வெளிய அனுப்பறாங்க" என்றாள். நிஜமாகவே பொறாமைப்பட்டாள்.

ஃபைல் தாளை நீட்டி, கீழே ஒரு கோட்டைக் காட்டினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. இவரைப் பராமரிக்கிறவர்ங்கற எடத்துல."

பேனாவை வாங்கிப் போட்டேன். போட்டு முடிக்கும் வரைக்கும் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.