சும்மா என்று நாம் சொன்ன இடம்

இன்று காலை என் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மேசையை ஓங்கிக் குத்தினான். அவன் எழுதிய புரோகிராமைத் தானாகத் திருத்தித் தரும் ஏதோ ஒரு கருவி, ஒழுங்குபடுத்துகிறேன் என்று வரிகளின் தொடக்கத்தில் இருந்த வெற்றிடங்களை விழுங்கிவிட்டதாம். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் மொத்தமும் படுத்துவிட்டது. அப்படி எதைத்தான் தின்றது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மா நாலு ஸ்பேஸ்" என்றான். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சும்மா என்ற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு உன் முகம்தான் வரும், அதுவும் கோபத்தில் இருக்கும் முகம்.

நீ போய்ச் சேர்ந்த செய்தி போன வாரம்தான் எனக்கு வந்தது. அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. உன்னோடு பழகிய தோஷம்.

உன்னை முதன்முதலில் பார்த்தபோதே நீ ஒருவனை அடித்துக்கொண்டிருந்தாய். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், கூட்டத்தோடு கூட்டமாக உன் இடுப்பைத் தொட்டவனை டிபன் கேரியராலேயே சாத்தினாய். அவன் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது, உன் மீன் குழம்பும் கூடவே வழிந்தது. ஓடியவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "இன்னாமே பாத்துக்கினு கீற? சோறு வெச்சிக்கினு கீறியா? என் சோறு பூரா அவன் மூஞ்சிலே போச்சு" என்றாய். அன்றைக்கு இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் முதல் நாள் வேலை. நான் மணவாள நகரிலிருந்து வந்தவள், நீ பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். என் தயிர்சாதத்தைப் பாதிக்கு மேல் நீதான் தின்றாய். அடுத்த வாரமே ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை பிடித்துக் கூட்டாகக் குடியேறிவிட்டோம்.

எழுபதுகளில் அந்தப் பக்கமெல்லாம் ஷெட்டு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்த காலம். நம்முடைய ஷெட்டில் இரும்புத் தகட்டை வளைக்கும் பெரிய பிரஸ் ஒன்று இருந்தது. அதை ஓட்டியது ஆள் இல்லை, காகித டேப். டேப்பில் நாம் குத்திய ஓட்டைகளைப் படித்துத்தான் அது இறங்கும், ஏறும். ஓட்டையே இல்லாமல் டேப் வெறுமனே ஓடும் நேரத்தில் பிரஸ் மேலேயே நிற்கும். அந்த நேரத்துக்குள் பிரஸ்ஸில் நிற்கும் முனிரத்தினம் அண்ணன் தகட்டை உள்ளே வைத்து, சரிபார்த்து, கையை வெளியே எடுத்துவிடுவார். அந்த வெற்றிடத்துக்கு மிஷினோடு வந்த புத்தகத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. நமக்கு அது வாயில் நுழையவில்லை. டேப் சும்மா ஓடுவதால் நாம் அதைச் சும்மா என்றே சொன்னோம். பொதட்டூர்பேட்டைக்காரரான முனிரத்தினம் அண்ணனும் காலையில் நாம் டேப் குத்தும் அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அம்மாடி, சும்மா கரெக்டா கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரஸ்ஸுக்குப் போவார். ஓட்டை குத்துவது உன் வேலை, சும்மா விடுவது என் வேலை என்று நாமே பிரித்துக்கொண்டோம். உனக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான்.

பிறகு அந்த இன்ஜினியர் வந்தார். கூடவே டேப்பைத் தானாகப் படித்து, தானாகவே திருத்தி நகல் குத்தும் மிஷின் ஒன்றும் வந்தது. பழைய டேப்புகள் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்ததால் நமக்கும் சந்தோஷம்தான். அவர் நம் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இங்க ஓட்டையே இல்லாம நீளமா போகுதே, இது என்ன?" என்று கேட்டார். நீ தலையைக்கூடத் தூக்காமல், "அது சும்மா சார்" என்றாய். அவர் சிரித்தார். "சும்மாவுக்கு எதுக்கு இவ்வளவு பேப்பர்?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அந்த மிஷினில் வெற்றிடத்தை உறிஞ்சி எடுத்துவிட ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதை அவர் போட்டுவைத்தது நமக்குத் தெரியாது.

மறுநாள் நகல் டேப்பை அவரே கொண்டுபோய் மாட்டினார். முதல் தகட்டிலேயே பிரஸ் இறங்கிவிட்டது. முனிரத்தினம் அண்ணனின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே இருந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. கொடுமை என்னவென்றால் பிரஸ் அத்தோடு நிற்கவில்லை. நகலில் நிற்பதற்கு இடமே இல்லையே. ஏறி, உடனே இறங்கி, அதே கையின் மேல் மறுபடியும் மறுபடியும் அடித்தது. நீதான் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சைப் பிடுங்கினாய். அவரை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, உன் தாவணியைக் கிழித்துக் கட்டினாய். "அம்மாடி, சும்மா இன்னா ஆச்சு?" என்று அவர் உன்னிடம் கேட்டார். அதற்கு மேல் நினைவில்லாமல் போய்விட்டார்.

அன்றிரவு நீ அறைச் சுவரில் உன் தலையை மோதிக்கொண்டாய். "நான் சொன்ன வார்த்தமே. என் வாயி சொன்ன வார்த்த" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உன்னைப் பிடிக்கப் போன என்னையும் அறைந்தாய். வலித்தது, ஆனாலும் விடவில்லை.

ஒர்க்ஸ் மேனேஜர் விசாரிக்க வந்த அன்று, இன்ஜினியர் வாய் கூசாமல் சொன்னார்: "ஆள் அசந்துட்டான் சார். டேப்ல எந்தத் தப்பும் இல்ல. ஒரு எழுத்துகூட மாறல." அது எழுதப்பட்டுவிட்டால் முனிரத்தினம் அண்ணனுக்குக் கையும் இல்லை, வேலையும் இல்லை, வேலையில் அசந்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். அவருக்கு மூன்று பிள்ளைகள். தொழிலாளர்கள் எல்லாரும் சுற்றி நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாய்.

"பழைய டேப்ப மாட்டுமே" என்றாய் என்னிடம். நான் மாட்டினேன். எதற்கென்று புரிவதற்குள் நீ உன் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்துவிட்டாய். காய்ந்த ரத்தம் அங்கே இன்னும் இருந்தது. "ஓட்டு" என்றாய். மேனேஜர் கத்தினார். நீ என்னை முறைத்த முறைப்பில் ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். டேப் வெறுமனே ஓடியது. நீ அவசரப்படாமல், உள்ளங்கையை ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டு, கையை வெளியே எடுத்தாய். பிரஸ் அதற்குப் பிறகுதான் இறங்கியது.

"இப்ப புது டேப்பு" என்றாய். நான் அதையும் மாட்டினேன். நீ இன்ஜினியரின் மணிக்கட்டைப் பிடித்தாய். "நீ வெயி சார். ஒரு எழுத்தும் மாறலன்னியே. சும்மாதானே போச்சு?" அவர் திமிறினார். வலை இழுத்த குடும்பத்துப் பிடி, விடுமா? தரதரவென்று இழுத்துப்போய் அவர் விரல்களை இரும்பின் மேல் அழுத்தினாய். "ஓட்டுமே!" என்று கத்தினாய். என் கை ஸ்விட்சின் மேல் இருந்தது. ஓட்டியிருப்பேனா, மாட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் அலறிவிட்டார்: "வேணாம்! அந்த டேப் வேணாம்! அதுல கேப் இல்ல, நான்தான் எடுத்தேன்!"

அது மேனேஜர் காதிலும் விழுந்தது, எல்லார் காதிலும் விழுந்தது. நீ இன்ஜினியரின் கையை விட்டுவிட்டு, கன்னத்தில் ஒன்று வைத்தாய். பிறகு பெரிய ஸ்பானரை எடுத்துப்போய் அந்த நகல் மிஷினை நொறுக்கினாய். யாரும் தடுக்கவில்லை. சாயங்காலமே உன்னை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். முனிரத்தினம் அண்ணனைத் தூக்க முடியவில்லை. அவர் ஓய்வுபெறும்வரை அதே தொழிற்சாலையின் கேட்டில், இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார்.

நீ ஊருக்குத் திரும்பி, ஒருவனைக் கட்டிக்கொண்டு, இறால் வியாபாரத்தில் இறங்கி, ஏலத்தில் ஆண்களோடு மல்லுக்கு நின்றாய். ஒரு தபா உன்னைப் பார்க்கப் பழவேற்காடு வந்திருந்தேன். கழுவாத கையாலேயே என் கன்னத்தைத் தட்டினாய். அப்போதுதான், அத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். பழைய டேப்பில் வெற்றிடம் ஒரு துளி குறைந்திருந்தால் உன் கை போயிருக்குமே, கூட்டத்தில் நின்று எண்ணிப் பார்க்கக்கூட இல்லையே, பயமே இல்லையா உனக்கு?

நீ என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

"இன்னா பயம்? சும்மா விட்டது நீதானேமே" என்றாய்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கணவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திவிட்டேன். என்னை அவ்வளவு நம்பியவர் வேறு யாருமில்லை.