உன் பெயரில் விழுந்த ஓட்டு

கிளியனூர்
10.5.2025

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி தேவாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நல்லபடி இருக்கிறோம், டிரினிடாடில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மல்லாட்டை பிடுங்கியாயிற்று, இந்தத் தடவை கடலை விளைச்சல் சுமார்தான்.

போன ஞாயிறு அந்த ஊர்த் தேர்தலைப் பற்றிச் சொன்னாயே, "ஆட்சியே மாறிடுச்சுப்பா, எங்க ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டர் தோத்த கட்சி, அழுதுக்கினே ட்யூட்டிக்கு வந்து ஜெயிச்ச கட்சி சிஸ்டருக்குக் கை குடுத்தாங்க" என்று. "நான் இன்னும் ஒரு தடவகூட ஓட்டுப் போட்டதில்ல, அடுத்த வருஷம் லீவு போட்டு வந்து நம்ம ஊரு ஸ்கூல்ல போடப் போறேன்" என்றும் சொன்னாய். நான் சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

உன் முதல் ஓட்டு போய்விட்டதம்மா. போன வருஷம் எம்.பி. தேர்தலில் நான் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன் அல்லவா, மத்தியானம் சாப்பிட வந்தபோது கிளைச் செயலாளர் தேவநாதன் பின்னாலேயே வந்து, "வெளிநாட்ல கீற பொண்ணு ஓட்டு சும்மாதான போவுது" என்றார். பீரோவிலிருந்து உன் ஓட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அதோடு ஒரு பெண் பூத்துக்கு வந்தாள். ஆபீசர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், தகப்பன் பெயரைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணுங்களா?" என்றார். "ஆமாங்க சார், எம் பொண்ணுதான்" என்றேன். உனக்குப் பேர் வைத்த வாயால் அப்படிச் சொன்னேன்.

நீ பேசிய மறுநாளே தேவநாதனிடம் இனி ஏஜெண்டாக உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தேர்தலன்று என் பக்கத்தில் எதிர்க்கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நடராசனிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்யா, இசைய எனக்குத் தெரியாதா, அத்தன பேர் எதுர்ல உன்ன அசிங்கப்படுத்த வேணாம்னு வாய மூடிக்கினேன்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நீ படித்த பிறகு நானே சொல்கிறேன். நடந்ததை எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னால் தாலுகா ஆபீசுக்குப் போய் என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன், வருவது வரட்டும். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். என்மேல் உள்ள கோபத்தில் அம்மாவிடம் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. என்னிடம் எப்போது பேசலாம் என்று உனக்குத் தோன்றுகிறதோ அப்போது பேசு, நான் காத்திருக்கிறேன்.

உன் அப்பா
சவுரிராயன்