கை நனைக்காத சம்பந்தி

கிளென் ஈடன்
02.01.2025

மதிப்புக்குரிய சம்பந்தி மாலினி அவர்களுக்கு,

ஆண்டவர் துணையால் இங்கு எல்லோரும் சுகம். லின்ஃபீல்டில் உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

கால்மணி நேரக் கார் ஓட்டத்துக்கு முத்திரை ஒட்டிய கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் நாம் இருவரும் சுகம் விசாரித்ததோடு வைத்துவிடுகிறோம். நல்ல காரியத்துக்கு முறையாக எழுதித்தான் அழைக்க வேண்டும்.

ஜொனாதன் நேற்று ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தபால்பெட்டி வரை தனியே நடந்து போய் வந்தான். பிரணவி பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனாள், அவன் பிடிக்கவில்லை.

மனுரேவாவில் வேலைத்தலத்து ஏணியால் விழுந்து, இனி நடப்பானோ தெரியாது என்று டொக்டர்மார் சொன்ன அன்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். பிள்ளை எழும்பி நடந்தால் முழு ஆட்டை என் கையால் சமைத்து, சொந்தங்களை இருத்திப் பரிமாறுவேன் என்று. அந்த நன்றி விருந்து வருகிற 25ஆம் திகதி சனிக்கிழமை. ஆட்டுக்கும் சொல்லியாயிற்று.

என் மகனைத் தூக்கி இருத்தி, கழுவித் துடைத்துப் பார்த்தவள் உங்கள் மகள். அவளைப் பெற்றவர்கள் இல்லாமல் அது விருந்தாகாது. இருவரும் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
மரியநாயகி சில்வெஸ்ரர்


லின்ஃபீல்ட்
07.01.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

மருமகன் நடக்கிறார் என்று படித்ததும் கடிதமும் கையுமாகச் சாமி அறைக்கு ஓடினேன். பிரணவி போனில் சொன்னாள்தான். ஆனால் உங்கள் கையெழுத்தில் பார்த்தபோதுதான் மனம் நம்பியது.

விருந்துக்கு என் வீட்டுக்காரர் வருவார். என்னால் வர இயலாது. காரணம் கேட்க வேண்டாம், தவறாகவும் நினைக்க வேண்டாம். பழங்களும் பலகாரமும் கொடுத்து அனுப்புகிறேன்.

என்றும் மரியாதையுடன்,
மாலினி தினேஸ்வரன்


கிளென் ஈடன்
10.01.2025

சம்பந்தி அவர்களுக்கு,

தவறாக நினைக்க வேண்டாம் என்று யாரும் சொன்னால் மனம் அதைத்தான் முதலில் நினைக்கிறது.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோதும் ஒரு துண்டு கேக், ஒரு வாய்த் தேத்தண்ணி தொடவில்லை. இப்போதுதான் சாப்பிட்டேன் என்றீர்கள். நீங்கள் போன பிறகு உங்கள் கோப்பையில் ஆறிப்போனதை ஊற்றிவிட்டுக் கழுவி வைத்தது நான்தான். நாங்கள் மன்னார்க்காரர், மீனும் இறைச்சியும் தின்கிற வேதக்காரர். எங்கள் வீட்டில் கை நனைக்க உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நேராகவே எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன்.

சில்வெஸ்ரரிடம் சொன்னால், "விடப்பா, அவைக்கு என்ன கரைச்சலோ, என்ன கஷ்டமோ" என்கிறார். அவருக்கு எல்லாமே விடப்பாதான்.

பிரணவியோ, "அம்மா வரலன்னா நானும் உட்கார மாட்டேன், அத்தை" என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கிறாள் இல்லை. அவள் இருக்காவிட்டால் ஜொனாதனும் இருக்க மாட்டானாம். யாருக்காக நேர்த்தி வைத்தேனோ அவனே இல்லாத விருந்தில் நான் யாருக்குப் பரிமாறுவது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மரியநாயகி


லின்ஃபீல்ட்
15.01.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் என்னைச் சுட்டுவிட்டது. இனி மறைப்பது பாவம்.

அன்று மருத்துவமனையில் நீங்கள் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று முருகனிடம் கேட்டேன். மருமகனை நடக்க வை, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், அதுவரை அசைவம் தொட மாட்டேன், அசைவம் சமைக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். இங்கே என் அடுப்பிலும் ஏற்றுவதில்லை. அவர் வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறார்.

நான் பிறந்ததிலிருந்தே சைவம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு விபத்து, நாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையே. ஆட்டுக்கறி என்றால் எனக்கு உயிர், சம்பந்தி. பிறந்த ஊர் ஈப்போவில் எலும்பைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்று அண்ணன்மார் கேலி செய்வார்கள். பிடிக்காததை விடுவதில் என்ன வேண்டுதல் இருக்கிறது?

வேண்டுதலை ஊருக்குச் சொன்னால் விளம்பரமாகிவிடும், மருமகனும் கூச்சப்படுவார் என்றுதான் பிரணவியிடம் சத்தியம் வாங்கி வைத்தேன். அவளைத் திட்டாதீர்கள். நீங்கள் ஊற்றித் தந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தது அன்று எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

உங்கள்,
மாலினி


கிளென் ஈடன்
18.01.2025

என் அன்பான மச்சாள்,

இனி உங்களை இப்படித்தான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் சம்பந்திகள் அப்படித்தான். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதேன். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த சில்வெஸ்ரரும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

பங்குச் சுவாமியிடம் போய், நேர்த்தியைப் பிற்போட்டால் குற்றமா என்று கேட்டேன். "அந்தோனியாருக்கு அவசரம் இல்லை, நாயகியம்மா. அவசரம் எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். ஆகவே விருந்து தைப்பூசம் கழிந்த சனிக்கிழமை, பெப்ரவரி 15ஆம் திகதி. அழைத்தவர்களுக்கெல்லாம் சில்வெஸ்ரர் போன் எடுக்கிறார். காரணம் கேட்பவர்களிடம், ஆடு இன்னும் வளரவில்லை என்கிறார். அன்றைக்கு முதலாவது அகப்பைக் கறி உங்களுக்கு, எலும்போடு.

இன்னொன்றும் இருக்கிறது. என் பிள்ளைக்காக நீங்கள் வாயைக் கட்டியிருக்க, பெற்றவள் நான் மீன் பொரித்துத் தின்பதா? இன்றிலிருந்து தைப்பூசம் வரை இந்த வீட்டில் இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் இல்லை. சட்டிபானை எல்லாம் கொதிதண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். சில்வெஸ்ரர் பருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், விடட்டும். ஜொனாதனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பெப்ரவரி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? வருகிற சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். தேத்தண்ணி போட்டு வைப்பேன்.

அன்புடன்,
மச்சாள் நாயகி


லின்ஃபீல்ட்
21.01.2025

அன்பு மச்சாளுக்கு,

வருகிறேன்.

என் கார் வந்து நின்றதும் நீங்கள் யாரும் வெளியே ஓடிவர வேண்டாம், பிரணவியையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் மட்டும் வந்து கேட்டைத் திறக்கட்டும். அவர் கோல் இல்லாமல் நடப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் வந்து சேரும்வரை காருக்குள் இருந்தே பார்க்கிறேன். கொஞ்சம் தாமதமாக இறங்கினால் ஏன் என்று கேட்காதீர்கள்.

பிறகு உள்ளே வந்து, உங்கள் கையால் தேத்தண்ணி குடிப்பேன்.

உங்கள் மச்சாள்,
மாலினி