கருப்பட்டி ஒன்றும் செய்யாது

மாமா,

அடுப்படி மூலையில் ஒரு வாரமாக ஓர் ஓலைக் கொட்டான் இருக்கிறது. அத்தை விருதுநகரில் இருந்து வாங்கி வந்தது. உள்ளே கருப்பட்டி. இன்னும் யாரும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே அதன் மணம் வீடு முழுக்க நிற்கிறது. பால் காய்ச்சப் போனாலும், பிள்ளைக்குச் சோறு பிசையப் போனாலும் அந்த மணம்தான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னால் நீங்கள் வருகிறீர்கள்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். அன்றைக்கு என்ன சமைப்பது என்று எழுதிவைக்கலாமென்று உட்கார்ந்தேன். தாளில் 'இட்லி' என்று ஒரு சொல் எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அதே தாளைத் திருப்பி உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

நான் வாழ வந்த பிறகு வந்த முதல் தீபாவளியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. எல்லாருக்கும் கறிக்குழம்பு, சுசியம், அதிரசம். உங்களுக்கு மட்டும் ஓரமாக ஓர் இலை, அதில் கோதுமைக் கஞ்சி. எம்.புதுப்பட்டி வெடிக் கம்பெனியில் சீசன் முழுக்க ஞாயிறு என்றும் பாராமல் வேலை பார்த்த போர்மேன், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே பகல் அது. காரியாபட்டியில் இருந்து வந்த உங்கள் மூத்த மகளின் சின்னப் பிள்ளை, தாத்தா இலையில் ஒன்றும் இல்லையே என்று ஓர் அதிரசத்தைக் கொண்டுவந்து வைத்தது. அத்தை அதன் கையில் ஓர் அடி வைத்தார்கள். பிள்ளை வீறிட்டது. நீங்கள் பாதிக் கஞ்சியோடு எழுந்துவிட்டீர்கள். "நீங்க சாப்பிடுங்க. எனக்கு வெடிப்புகை ஒத்துக்கலை" என்றீர்கள். வருடமெல்லாம் கந்தகத்திலேயே கிடந்த மனிதருக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அடுத்த வருடம் அந்தத் தனி இலை கூடாது என்று நான் முடிவு செய்தேன். என் பிள்ளைக்கு அப்போது பத்து மாதம். மதுரையில் பி.ஏ. படித்தவள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் இந்த வியாதிக்காரர்களின் சாப்பாட்டைப் பற்றி வந்திருந்ததைத் தேடிப் படித்தேன். சர்க்கரையை விலக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு வாரம் யோசித்து எழுதினேன். ஆட்டுக்கறிக்குப் பதில் நாட்டுக்கோழிச் சாறு. அரிசிக்குப் பாதி கேப்பை கலந்த இடியாப்பம். அவரைக்காய், முருங்கைக்கீரை. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் இருக்கக் கொஞ்சம் முறுக்கு. இனிப்பு இல்லாமல் தீபாவளி ஏது? தினை மாவில் அதிரசம், பாசிப்பயறு சுசியம், எல்லாம் கருப்பட்டிப் பாகில். எல்லாருக்கும் ஒரே சமையல், எல்லாருக்கும் ஒரே பந்தி.

நம் பக்கத்தில் கருப்பட்டியை யாரும் சீனியோடு சேர்த்துப் பேசுவதில்லை. சமைந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, சளி பிடித்தால் சுக்குக் காப்பி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து, எல்லாவற்றிலும் அதுதான். பெற்று எழுந்த என் உடம்பை அத்தை அதைக் கொடுத்துத்தான் தேற்றினார்கள். அந்தப் பத்திரிகையில் சர்க்கரை என்று படித்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளைச் சீனி மட்டுமே. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. மருந்தைப் போய் மருந்தா என்று யாராவது கேட்பார்களா?

அன்றைக்கு உங்கள் இலையில் அதிரசத்தை வைத்தபோது கையை இழுத்துக்கொண்டீர்கள்.

"தாயி, இலை மாத்தி வச்சுட்டியா?"

"உங்களுக்குத்தான் மாமா. சீனி இல்லை, கருப்பட்டி. ஒண்ணும் செய்யாது."

அத்தையைப் பார்த்தீர்கள். "படிச்ச பிள்ளை சொல்லுதுல்ல, தின்னுங்களேன்" என்றார்கள் அத்தை.

ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினீர்கள். வெகுநேரம் மெல்லவில்லை. "ஒண்ணரை வருசமா நாக்கு செத்துக் கெடந்துச்சு தாயி" என்றீர்கள். பிறகுதான் பேச்சு வந்தது உங்களுக்கு. "ஏலே, ஒங்கம்மாவோட இம்புட்டு வருசம் குடும்பம் நடத்துதேன், அவளுக்கு இந்த யோசனை வந்துச்சாலே?" என்று உங்கள் மகனைக் கேட்டீர்கள்.

"எனக்கு யோசனை இல்லாமத்தான் ஒங்களைக் கட்டிக்கிட்டேன்" என்றார்கள் அத்தை.

காரியாபட்டி மதினி விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இந்த வருசமும் ஆசுபத்திரித் தீபாவளின்னுல்ல நெனச்சு வந்தேன்! ஏத்தா, எனக்கு இன்னும் ரெண்டு வையி. அப்பாவுக்கு மட்டும் அள்ளி அள்ளி வைக்கே!"

நீங்கள் நாலு அதிரசம் சாப்பிட்டீர்கள். நான் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த ஒரு நாளோடு நின்றிருக்கலாம். தீபாவளி கழிந்தும் காலையில் கருப்பட்டிக் காப்பி, மாலையில் பணியாரம் என்று பொங்கல் வரை நடந்தது. நீங்கள் கேட்கக்கூட இல்லை, நானாகத்தான் செய்தேன். மாத்திரையை விடாமல் விழுங்கினீர்கள். சீனியைத் தொடவில்லை. சொன்னதெல்லாம் கேட்டீர்கள்.

மார்கழியில் உங்கள் காலில் முள் ஏறியது. கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற அறைப் பக்கம் செருப்போடு போகக்கூடாது, செருப்பு ஆணி தரையில் உரசிப் பொறி பறந்தால் போதும், அறையே வெடித்துப் போய்விடும் என்று நீங்கள்தான் புது ஆட்களுக்குச் சொல்வீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க அந்தக் கரிசலில், கருவேல முள்ளில் வெறுங்காலோடு நடப்பீர்கள். முள் ஏறியது உங்களுக்கே தெரியவில்லை. வலிக்கவில்லை என்றீர்கள். வலிக்காதது நல்லது என்று நாங்களும் இருந்துவிட்டோம். பொங்கலுக்குள் கட்டைவிரல் கறுத்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம். உங்கள் மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். டாக்டர் வந்து, வீட்டில் என்ன சாப்பாடு என்று என்னைக் கேட்டார். நான் ஒப்பித்தேன். சீனி அறவே இல்லை, கருப்பட்டி மட்டும்தான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"கருப்பட்டியும் சர்க்கரைதானம்மா. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க."

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நீங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "இது நம்ம ரெண்டு பேரோட கெடக்கட்டும். நீ இந்த வீட்டுல இன்னும் எம்புட்டுக் காலம் இருக்கணும்."

அத்தை குடத்தோடு உள்ளே வந்ததும் நீங்களே முந்திக்கொண்டீர்கள். "டாக்டரு கண்டுபிடிச்சுட்டாரு. கம்பெனிக்குப் போற வழியில மிட்டாய்க் கடையில தின்னுபுட்டேன். தெனமும்."

"அட பாவி மனுசா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். "பிள்ளை அம்புட்டுப் பாடுபட்டு ஆக்கிப் போட்டுச்சே!"

அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை, மாமா. அன்றைக்கும் திறக்கவில்லை. விரலை எடுத்தபோதும் திறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றபோதும் திறக்கவில்லை. காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து நீங்கள் போன பிறகு, உங்களுக்கு வேண்டியவர்கள் எல்லாம் வந்து, "வாயைக் கட்டத் தெரியாமப் போயிட்டாரே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். அழுகைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அத்தை தினமும் விளக்கேற்றும்போது உங்கள் படத்தைத் திட்டுவார்கள். "ருசி கண்ட நாக்கு! பொஞ்சாதியைத் தவிக்கவிட்டுப் போச்சுல்ல?" நான் உள்ளே அரிசி களைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் உங்கள் மகனுக்கும் சர்க்கரை என்று சிவகாசி டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வயது. அதே கம்பெனி, அதே வெறுங்கால். அன்றையிலிருந்து அவர் வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவி, விளக்கைப் பக்கத்தில் வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். பிள்ளையின் காலையும் பார்க்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை காலில் என்ன தேடுகிறாய் என்று அவர் சிரிக்கிறார்.

அத்தை கொட்டானை இறக்கிவைத்து, "அன்னைக்கு வச்சயே, அதே சமையலை இந்தத் தீபாவளிக்கு வையி. எம் பிள்ளையும் எல்லாரோடயும் ஒக்காந்து திங்கட்டும்" என்றார்கள்.

"கருப்பட்டியும் வேண்டாமாம் அத்தை. டாக்டர் சொன்னார்."

"அவருக்கு என்ன தெரியும்? ஒங்க மாமா அதை மாசக்கணக்காத் தின்னாக. அது ஒண்ணும் செய்யலையே. கெடுத்தது கடை மிட்டாயில்ல?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டாக்டர் சொன்னது, நீங்கள் சொன்னது, எல்லாம். மிட்டாய்க் கடையே இல்லை அத்தை, நான் ஆக்கிப் போட்டதுதான் என்றேன். நீங்கள் எனக்காகப் பேசிய பொய்யை அவிழ்க்காமல் உங்கள் மகனைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தை கத்தவில்லை. "ரெண்டு வருசம்" என்றார்கள். "வாயில்லாத மனுசனைப் பிடிச்சு ரெண்டு வருசம் ஏசிக்கிட்டு இருந்தேனே." பிறகு எழுந்து போய்விட்டார்கள்.

ஆறு நாளாயிற்று. என்னோடு பேச்சில்லை. தனியே கஞ்சி வைத்துக் குடிக்கிறார்கள். உங்கள் மகனுக்கும் விஷயம் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும், நான் எதை வைத்தாலும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறார். அந்த ஒரு நிமிடம் இனி இந்த வீட்டில் எனக்கு எப்போதும் இருக்கும்.

நேற்று சாயங்காலம் அவர் வந்ததும் வழக்கம்போலச் செம்பும் விளக்குமாக வாசலில் உட்கார்ந்தேன். அத்தை உள்ளே இருந்து வந்தார்கள். "தள்ளு" என்றார்கள். நான் நகர்ந்தேன். மகனின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் துடைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் விளக்கை எடுத்துக் கிட்டத்தில் பிடித்தேன். என் பார்வை அவர்கள் முகத்தில் இருந்ததில் வெளிச்சம் காலை விட்டு விலகியது.

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நேராப் பிடி" என்றார்கள்.